கேட் என்றால் எப்போதும் வாயில்தானா?

இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்துவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பதிப்பகம் ஆகியவற்றைத் தவிர்த்து அதன் சாரத்தைத் தருகிறேன். இங்கிலாந்தின் பழைய நகரங்களைப் பற்றிய பயண நூல் ஒன்றை அவர் மொழிபெயர்த்து முடித்து, பக்க வடிவமைப்பும் முடிந்து, மெய்ப்பு கைக்கு வந்திருக்கிறது. நூல் முழுதும் ‘கேட்’ என்ற சொல் வந்த இடங்களிலெல்லாம், சீர்மை கெடக் கூடாது என்பதற்காக, ‘வாயில்’ என்றே எழுதியிருக்கிறார். யார்க் நகர அத்தியாயத்தில் மிக்கிள்கேட் ‘பெருவாயில்’ ஆகியிருக்கிறது, ஸ்டோன்கேட் ‘கல்வாயில்’, காப்பர்கேட் ‘செம்புவாயில்’. மெய்ப்புப் பார்த்த இளைஞர் நகரத்தின் வரைபடத்தை விரித்துவைத்து, “அம்மா, இவை எல்லாமே தெருக்களாக இருக்கின்றனவே, வாயில் எங்கே?” என்று கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது.

இரண்டாவது சிக்கல், மொழிபெயர்ப்பாளர் முன்னுரை. ‘கேட்’ என்பது நம் ‘கதவு’ அல்லது ‘கடவு’ என்னும் சொல்லிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனது என்று அதில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். நூலகக் கூட்டம் ஒன்றில் இதைப் பேசியபோது நல்ல கைதட்டல் கிடைத்ததாம். ஆனால் நண்பர் ஒருவர் பிறகு தனியே அழைத்து, “அச்சில் போட வேண்டாம்” என்று சொன்னது மனத்தை உறுத்துகிறதாம். மூன்றாவது, பதிப்பாளர். தவறைச் சொன்னால் அவர் எரிச்சலடைவார், பக்கங்களை மீண்டும் அடுக்கும் செலவை ஊதியத்தில் கழிப்பார், அல்லது தாமே வேறொருவரைக் கொண்டு திருத்தி அச்சிட்டுவிடுவார் என்று அஞ்சுகிறார். பேசாமல் விட்டுவிடலாமா என்பதே கடிதத்தின் கடைசி வரி.

நான் வாழ்நாளில் பெரும்பகுதியை அகராதி வேலையிலும் பிறர் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பதிலும் கழித்தவன். பேசாமல் விட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

எழுத்து ஒன்று, சொல் இரண்டு

நீங்கள் செய்தது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. ஒரு சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு என்ற ஒழுங்கை அளவுக்கு மீறி நம்பியதால் வந்தது. அந்த ஒழுங்கு சட்ட நூலுக்கும் அறிவியல் நூலுக்கும் பொருந்தும். ஊர்ப்பெயர்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்கும் இந்தச் சொல் உண்மையில் இரண்டு சொற்கள். பெரிய அகராதி எதைத் திறந்தாலும் இரண்டு தனித்தனிப் பதிவுகளாக அவற்றைக் காணலாம்.

முதலாவது, நாம் எல்லோரும் அறிந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் ஒருமை வடிவத்தின் முதலெழுத்து யகரமாகவே ஒலித்தது. பன்மையில் மட்டும் இன்று நாம் கேட்கும் வல்லொலி இருந்தது. பிற்காலத்தில் பன்மையின் ஒலி ஒருமைக்கும் பரவி இன்றைய வடிவம் நிலைத்தது. யகர வடிவமும் அடியோடு மறையவில்லை. பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள யேட் என்னும் ஊரிலும், யேட்ஸ் என்னும் குடும்பப் பெயரிலும், ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் இரும்புக் கம்பிக் கதவைக் குறிக்கும் ‘யெட்’ என்ற சொல்லிலும் அது இருக்கிறது. இதன் உறவுச் சொற்கள் பழைய நார்ஸ் மொழியிலும் டச்சு மொழியிலும் ‘துளை, திறப்பு’ என்னும் பொருளில் வழங்குகின்றன. டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள கட்டெகாட் கடலுக்குப் பெயர் வைத்தவர்கள் டச்சு மாலுமிகள். பூனை நுழையும் ஓட்டை என்பது பொருள். அத்தனை குறுகலான வழி என்று அலுத்துக்கொண்டு வைத்த பெயர்.

ஆகவே இந்தச் சொல்லின் அடியில் இருப்பது அடைக்கும் பொருள் அன்று, திறந்திருக்கும் இடம். மதிலில் விட்ட இடைவெளிக்கு ஏற்பட்ட பெயர், அந்த இடைவெளியை அடைக்கும் மரச்சட்டத்துக்கும் இரும்புக் கம்பிக்கும் சேர்ந்தே வழங்கியது. நம் ‘வாயில்’ என்பதும் ‘இல்வாய்’ என்று நிற்க வேண்டியது முன்பின்னாக மாறி வந்த இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அங்கும் பெயர் பெற்றது திறப்புதான். அந்த வகையில், உண்மையான வாயில் வரும் இடங்களில் உங்கள் பெயர்ப்பு மிகப் பொருத்தமானது.

இரண்டாவது சொல்லை நம்மில் பலர் அறிய வாய்ப்பே இல்லை. டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த வைக்கிங் குடியேறிகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘கதா’ என்றால் தெரு, பாதை. சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் இன்றும் தெருப்பெயர்ப் பலகைகளில் இருப்பது இதே சொல்லின் வடிவங்கள்தாம். ஜெர்மன் மொழியில் சந்து, சிறு தெரு என்று பொருள்படும் ‘காஸ்ஸெ’ இதன் உறவு. இங்கிலாந்தின் வடபகுதியிலும் நடுக் கிழக்குப் பகுதியிலும் டேனியர் குடியேறி ஆண்டபோது இந்தச் சொல் தெருக்களின் பெயரில் ஒட்டிக்கொண்டது. துளையைக் குறித்த சொல்லும் தெருவைக் குறித்த சொல்லும் மிகத் தொலைவில் ஒரே வேரில் சேருமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவை வேறு வேறு பொருளில் நடமாடின என்பது போதும்.

பொதுப் பேச்சில் இந்த இரண்டாவது சொல் எங்கே எஞ்சியிருக்கிறது தெரியுமா? உங்கள் மகள் பிசியோதெரபிஸ்ட் என்று எழுதியிருந்தீர்கள். நோயாளியின் நடையை அவர் ‘கெயிட்’ என்று குறிப்பெழுதுவாரே, அதுதான். பாதையைக் குறித்த சொல் போகும் முறையைக் குறித்து, எழுத்துக்கூட்டல் மட்டும் மாறித் தனிச்சொல்லாகிவிட்டது. வழி என்ற நம் சொல்லும் பாதையையும் முறையையும் சேர்த்தே குறிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார்க்கில் தெருவே கேட், வாயில் என்பது பார்

உங்கள் நூலில் அதிகம் சிக்கிக்கொண்ட அத்தியாயம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 866-ஆம் ஆண்டில் டேனியப் படை யார்க் நகரைப் பிடித்தது. 954-இல் எரிக் என்னும் கடைசி ஸ்காண்டிநேவிய மன்னன் துரத்தப்படும் வரையிலான காலத்தில் பெரும்பகுதி அது வைக்கிங் ஆட்சியில் இருந்தது. அவர்கள் வழங்கிய பெயர் யோர்விக். ஆட்சி போயிற்று, தெருப்பெயர்கள் போகவில்லை. மிக்கிள்கேட் என்பது பெருந்தெரு. ஸ்டோன்கேட் கல் பாவிய தெரு. குட்ராம்கேட்டில் குத்ரம் என்ற ஆளின் பெயர் இருக்கிறது. ஸ்வைன்கேட் பன்றித் தெரு.

காப்பர்கேட்டில் உங்களுக்கு இரட்டை இடறல் நேர்ந்திருக்கிறது. அங்கே வாயிலும் இல்லை, செம்பும் இல்லை. முற்பகுதி மரக்கிண்ணம் கடைவோரைக் குறிக்கும் நார்ஸ் சொல் என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 1976 முதல் 1981 வரை அந்தத் தெருவில் நடந்த பெரிய அகழாய்வில், மரக்கிண்ணங்களைக் கடைந்தபின் கழித்துப் போட்ட நடுத்தண்டுகளே குவியலாகக் கிடைத்தன. பெயர் சொன்னதை மண் உறுதிப்படுத்திய அரிய நேர்வு அது. அந்த இடத்தில்தான் 1984-இல் யோர்விக் வைக்கிங் காட்சியகம் திறக்கப்பட்டது. ‘செம்புவாயில்’ என்று அச்சானால், நூலின் அடுத்த பக்கத்திலேயே வரும் இந்த அகழாய்வுச் செய்தி வாசகருக்குப் புரியாமல் போகும். உங்கள் பிழைகளில் முதலில் திருத்த வேண்டியது இது.

அப்படியானால் யார்க்கின் உண்மையான மதில் வாயில்களுக்கு என்ன பெயர்? அவற்றைப் ‘பார்’ என்கிறார்கள். தடுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. பூதம் பார், மங்க் பார், வாம்கேட் பார், மிக்கிள்கேட் பார் என்பவை முதன்மையான நான்கு. கடைசி இரண்டில் இரு சொற்களும் கைகோத்து நிற்பதைப் பாருங்கள். மிக்கிள்கேட் பார் என்றால் ‘பெருந்தெரு வாயில்’. லண்டனிலிருந்து வரும் அரசர்கள் யார்க்கினுள் நுழைவது இதன் வழியே. 1460-ஆம் ஆண்டு வேக்ஃபீல்டு போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடத்தோடு குத்திவைத்ததும் இதன் உச்சியில்தான். நீங்கள் இதைப் ‘பெருவாயில் மதுக்கூடம்’ என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். யார்க்கில் தெருவெல்லாம் கேட், கேட்டெல்லாம் பார், பாரெல்லாம் பப் என்று உள்ளூர் வழிகாட்டிகள் பயணிகளிடம் சொல்லும் வேடிக்கை ஒன்று உண்டு. நீங்கள் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு அதுவே சான்று.

யார்க்கைத் தாண்டியும் இதே நிலைதான். லீட்ஸ் நகரின் பிரிகேட் பாலத்தெரு, கிர்க்கேட் கோயில்தெரு. எடின்பரோவில் கௌகேட் மாட்டுத்தெரு. கேனன்கேட், ஹோலிரூட் மடத்துத் துறவியர் நடந்துபோன வழி. நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களின் பழைய தெருக்களிலும் இந்தச் சொல் வரும்.

எல்லாவற்றையும் தெரு என்று மாற்றிவிடவும் கூடாது

இந்த எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கணினியில் ஒரே கட்டளையில் ‘வாயில்’ அனைத்தையும் ‘தெரு’ ஆக்கிவிட உங்களுக்குத் தோன்றும். லண்டன் அத்தியாயம் உடனே கெட்டுப்போகும். ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், மூர்கேட், கிரிப்பிள்கேட், நியூகேட், லட்கேட் ஆகியவை லண்டன் மதிலில் உண்மையாகவே நின்ற வாயில்களின் பெயர்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 18-ஆம் நூற்றாண்டில் அவற்றை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் மிஞ்சியது. ஹைகேட், லண்டன் ஆயருக்குச் சுங்கம் கட்டி நுழைந்த மேட்டு வாயில். பில்லிங்ஸ்கேட் தேம்ஸ் கரையின் நீர்வாயில்; அங்கிருந்த மீன்சந்தையின் வசவு அத்தனை புகழ்பெற்றதால், அந்த ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் ‘கெட்ட வார்த்தை’ என்று பொருள்படும் பொதுச்சொல்லாகிவிட்டது.

கென்ட் கடற்கரையில் இன்னொரு வகை. மார்கேட், ராம்ஸ்கேட் ஆகிய ஊர்களில் மதிலும் இல்லை, டேனியத் தெருவும் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சுவரில் கடலுக்கு இறங்குவதற்கு இயற்கை விட்ட பிளவுதான் அங்கே கேட். சொல்லின் மூலப் பொருளான ‘திறப்பு’ அப்படியே உயிரோடிருக்கும் இடம் இது. ‘கணவாய்’ என்பது மலைக்கு உரியது என்றாலும், விளக்கக் குறிப்பில் ‘பாறை இடைவெளி’ என்று சொன்னால் போதும்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து விடுங்கள்; முதல்முறை வரும்போது மட்டும் பொருளை வாக்கியத்துக்குள்ளேயே இழைத்துச் சொல்லுங்கள். ‘மிக்கிள்கேட் என்னும் பெருந்தெரு’ என்று ஒருமுறை எழுதினால் அடுத்த முறை ‘மிக்கிள்கேட்’ போதும். பயண நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழர் அங்கே போய் நிற்கக்கூடும், ‘கல்வாயில் எங்கே?’ என்று அவர் யாரைக் கேட்பார்?

பொதுச்சொல்லாக வரும் இடங்களில் தமிழுக்குள்ளேயே தேடுங்கள். வயல்வெளிப் பாதை பற்றிய பகுதியில் ‘முத்த வாயில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே யாரும் முத்தமிடுவதில்லை. வளைந்த அடைப்புக்குள் ஊசலாடும் கதவு இருபுறமும் லேசாகத் தொட்டுத் தொட்டு நிற்பதால் வந்த பெயர். ஆள் நுழையலாம், மாடு நுழைய முடியாது. ‘வேலியில் ஆள் மட்டும் நுழையும் கடவு’ என்றால் நம் ஊர்க்காரர் உடனே புரிந்துகொள்வார். ‘லிச்கேட்’ என்பது கல்லறைத் தோட்டத்து முகப்பில் கூரை வேய்ந்த வாயில். முற்பகுதி பிணத்தைக் குறிக்கும் பழஞ்சொல். பாதிரியார் வரும்வரை சவப்பெட்டியை அங்கே இறக்கிவைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வழிப்போக்கர் ஒதுங்குவதற்காக வீட்டு முகப்பில் கூரையிட்டுக் கட்டிய சங்கடப் படலை உருவத்தில் இதற்கு நெருங்கியது. ஆனால் பயன் வேறு என்பதால் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து வைக்காமல், ‘கூரையிட்ட படலை’ என்ற அளவில் நிறுத்துவது நேர்மை.

கதவும் கடவும்: உங்கள் முன்னுரை பற்றி

இந்தப் பகுதி உங்களுக்கு வருத்தம் தரலாம். நண்பர் சொன்னது சரி. அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்லாமல் எடுக்கச் சொல்வது முறையன்று.

இரு சொற்கள் இன்று ஒன்றுபோல் ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. எழுதி ஆயிரம் ஆண்டு ஆன பழைய வடிவங்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கேட் என்பதன் முதலெழுத்து ஒருமையில் யகரமாக ஒலித்தது என்று மேலே கண்டோம். ‘கதவு’ அதனோடு எங்கே பொருந்துகிறது? மேலும் ஆங்கிலம் அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் மெய்யொலிகள் ஒழுங்கான முறையில் இடம் மாறியவை. வடமொழியில் ‘தசம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டென்’, ‘தந்தம்’ என்பதற்கு ‘டூத்’ என்று நிற்பது அந்த மாற்றத்தால்தான். இந்தக் கணக்கில், வெகுதூரத்து மொழியொன்றின் சொல் இன்றைய ஆங்கிலச் சொல்லோடு அச்சு அசலாக ஒத்திருந்தால், உறவு என்று மகிழ்வதைவிட ஐயப்படுவதே முறை.

தமிழோ, ஆங்கிலமும் வடமொழியும் சேர்ந்த அந்தக் குடும்பமே அன்று. ‘கதவு’க்கு மலையாளத்திலும் கன்னடத்திலும் இனச்சொற்கள் உள்ளன. ‘கடவு’ என்பது ‘கட’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. கடவுச்சீட்டிலும், இலங்கையில் ரயில்வே கேட்டைக் குறிக்கும் புகையிரதக் கடவையிலும் அது துலங்குகிறது. இவை ஆங்கிலத்துக்குக் கடனாகப் போயின என்றால், போன வழியைக் காட்ட வேண்டும். ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’ ஆகியவை ஐரோப்பிய வணிகர் வந்தபின் கப்பல் ஏறியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. கேட் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கிலாந்தின் பழஞ்சுவடிகளில் இருக்கிறது.

நீங்கள் தேடிய உறவு உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில். கேட் அன்று, ‘டோர்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதற்கும் வடமொழி ‘த்வார’ என்பதற்கும் ஒரே வேர். இதில் ஐயமே இல்லை. அந்த வடமொழிச் சொல்தான் தமிழில் துவாரம் ஆகி, பெருமாள் சன்னிதிக்கு முன் துவாரபாலகராக நிற்கிறது. ஹரித்துவாரிலும் குருத்வாராவிலும் இருப்பதும் அதுவே. கிரேக்கத்தில் இதே வேரிலிருந்து கதவைக் குறிக்கும் சொல் பிறந்தது. கதவுபோல் நீண்ட கேடயத்துக்கு அதிலிருந்து பெயர் வைத்தார்கள். கழுத்தில் கேடயம் போலிருக்கும் சுரப்பிக்குத் தைராய்டு என்று பெயர் வந்தது அதனால்தான். கூட்டத்தில் கைதட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

உறவு இல்லாமலே இரு மொழிகள் ஒரே மாதிரி நினைத்திருப்பதும் முன்னுரைக்கு நல்ல பொருள். ஆங்கிலத்தின் ‘விண்டோ’ டேனியர் விட்டுச் சென்ற இன்னொரு சொல்: காற்றுக்கண் என்று பொருள். பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அதேபோல ‘கடை’ என்ற நம் சொல்லைப் பாருங்கள். ‘பிறன்கடை நின்றாரின் பேதையார் இல்’ என்று குறளில் வரும்போது அது அடுத்தவன் வீட்டு வாயில். இன்று அதே சொல்லைக் கேட்டால் மளிகைதான் நினைவுக்கு வருகிறது. வாயில் கடையாயிற்று இங்கே. தெரு வாயில்போல் தோற்றம் தந்தது அங்கே. கழிக்கப்போகும் பக்கத்தின் இடத்தில் இந்த ஒப்பீட்டை எழுதினால், பக்க எண்ணிக்கைகூட மாறாது.

வாட்டர்கேட்டின் வால்

கடைசி அத்தியாயத்தில் ‘பார்ட்டிகேட்’ என்பதை ‘விருந்து வாயில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெருந்தொற்று முடக்கத்தின்போது பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகத்தில் கூடிக் குடித்த விவகாரம் அது. 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் என்னும் கட்டட வளாகத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டார்கள். அதை மூடிமறைத்த கதை வெளியாகி 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதன்பின் அந்தக் கட்டடப் பெயரின் பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்து, எந்த முறைகேட்டுக்கும் வாலாக ஒட்டும் வழக்கத்தைச் செய்தியாளர்கள் உண்டாக்கினார்கள். ஹாம்பர்க் ஊரின் பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரைத் தவறாக வெட்டிப் ‘பர்கர்’ என்று தனிச்சொல் உண்டானது போன்றது இது. இந்த வாலுக்கு வாயில் என்னும் பொருள் துளியும் இல்லை. ‘விருந்து விவகாரம்’ என்று எழுதுங்கள். ‘ஊழல்’ என்றால் பணம் கைமாறியதாகத் தொனிக்கும். இங்கே அப்படி ஏதும் இல்லை.

பதிப்பாளரிடம் எப்படிச் சொல்வது

உங்கள் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. பேசாமல் விடுவது முதலாவது. வரைபடம் நூலிலேயே அச்சாகிறது. மெய்ப்புக்காரர் கண்ணில் பட்டது வாசகர் கண்ணில் படாமல் போகாது. அச்சான பிறகு பிழைதிருத்தப் பட்டி ஒட்டுவது இரண்டாவது. நான்கைந்து பிழைகளுக்கு அது சரி. அத்தியாயம் முழுதும் பரவிய பிழைக்கு அந்தப் பட்டியே நூலின் பெயரைக் கெடுத்துவிடும். இப்போதே சொல்லித் திருத்துவது மூன்றாவது. செலவு குறைந்ததும் இதுதான், ஏனெனில் இன்னும் தாள் அச்சேறவில்லை. வெறுங்கையோடு போய்த் தவறைச் சொல்லாதீர்கள். பக்க எண், வரி எண், இருக்கும் சொல், இருக்க வேண்டிய சொல் என நான்கு பத்தியில் ஒரு பட்டியல் தயாரித்து, அதோடு போய்ப் பேசுங்கள். வடிவமைப்பாளருக்கு அது ஒரு நாள் வேலை என்று தெரிந்ததும் பதிப்பாளரின் எரிச்சல் பாதியாகக் குறைந்துவிடும். பிழையைக் கண்ட இளைஞரின் பெயரை நன்றியுரையில் சேர்க்க மறக்க வேண்டாம்.

உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன். இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 57-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுத்த பின்னும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. ஆனால் உண்மைப் பிழை ஒன்றைப் பதிப்பாசிரியர் திருத்துவதைச் சிதைப்பு என்று வாதாடுவது கடினம், வாதாடவும் கூடாது. ஊதியத்தில் கழிக்கலாமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் திருத்தச் செலவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை எடுத்துப் படித்துவிட்டுப் பேசப் போங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால், இறுதி மெய்ப்பு உங்கள் ஒப்புதலின்றி அச்சுக்குப் போகாது என்று ஒரு மின்னஞ்சலிலாவது உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியல் போடும்போது பின்னிணைப்பிலுள்ள சொல்லடைவையும் சேருங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான். அதில் ‘வாயில்முனை’ என்று ஒரு பதிவு இருக்கிறது, டைன் ஆற்றங்கரையிலுள்ள கேட்ஸ்ஹெட் நகரம் என்று நினைக்கிறேன். அதை வாயில் என்றும் தெரு என்றும் மாற்ற வேண்டாம். பக்கத்து மடத்தில் வாழ்ந்த பீட் என்னும் துறவி, 731-இல் முடித்த தம் லத்தீன் வரலாற்றில் அந்த ஊரை ‘ஆட்டுத்தலை’ என்றே எழுதிவைத்திருக்கிறார்.